கல்லூரிக் கால்பந்தில் இடம் பிடிப்பது எப்படி: பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகள்

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வட கரோலினாவில், கேரி என்ற ஊரில். 2024 டிசம்பரில் கல்லூரிக் கால்பந்தின் ஆண்கள் இறுதிப் போட்டி, பெண்கள் இறுதிப் போட்டி இரண்டுமே இங்குள்ள வேக்மெட் மைதானத்தில்தான் நடந்தன. ஊர் அப்படிப்பட்ட ஊர். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் சிலர் ஷின் கார்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்து உயிர்மெய் எழுத்து எழுதுவார்கள்.

என் மகள் இடது பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பு ஆட்டக்காரி. ஏழு வயதில் ஆடத் தொடங்கியவள், இப்போது ஒரு டிவிஷன் 3 கல்லூரி அணியில் இரண்டாம் ஆண்டு. அவள் சேர்ந்ததிலிருந்து மாதத்துக்கு இரண்டு பேராவது ஃபோன் செய்து, "நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. கேட்ட கேள்விகளையே வரிசையாக எழுதி வைத்துவிட்டேன். 2025இல் விதிகள் பெரிதாக மாறின. நான் சொல்வது அந்த மாற்றத்துக்குப் பிறகான நிலவரம்.

நன்றாக ஆடினால் கோச் தானாக வந்து பார்க்க மாட்டாரா?

மாட்டார். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், எல்லோரும் ஏமாறுவதும் இதில்தான்.

ஒரு கல்லூரி அணிக்குத் தலைமைக் கோச் ஒருவர், உதவிக் கோச் இரண்டு மூன்று பேர்தான். ஆண்டுக்கு ஏழெட்டுப் பேரைச் சேர்க்க வேண்டும். அதற்காக ஊர் ஊராகப் போய் மைதான ஓரத்தில் நின்று முத்தெடுக்க அவர்களுக்கு நேரமும் கிடையாது, காசும் கிடையாது. ஷோகேஸ் என்று சொல்லும் பெரிய போட்டிகளுக்கு வருவார்கள். வரும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் முன்கூட்டியே அவருக்குக் கடிதம் எழுதிய பிள்ளைகள்.

இதை நாங்கள் ரிச்மண்டில் நடக்கும் ஜெஃபர்சன் கப்பில் கற்றோம். மார்ச் மாதம், நல்ல குளிர். கல்லூரிப் பெயர் போட்ட ஜாக்கெட்டுகளோடு பதினொரு கோச்கள் எங்கள் மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்கு உடனே ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். இடைவேளையில் எட்டுப் பேர் நாற்காலியை மடக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் மகள் முதல் பாதியில் பிரமாதமாகத்தான் ஆடியிருந்தாள். அப்புறம் எங்கள் க்ளப் கோச் விசாரித்துச் சொன்னார்: அந்த எட்டுப் பேரும் எதிரணியின் ஒன்பதாம் நம்பரைப் பார்க்க வந்தவர்கள். அந்தப் பெண் நாற்பது கல்லூரிகளுக்கு எழுதியிருந்தாளாம். என் மகள் எழுதியது பூஜ்யம்.

டிவிஷன் 1, 2, 3 என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்சிஏஏ. அதற்குள் மூன்று பிரிவுகள். டிவிஷன் 1இல் பெண்கள் கால்பந்து அணிகள் சுமார் 350, ஆண்கள் அணிகள் 200 சொச்சம்தான். இந்த இடைவெளிக்குக் காரணம், படிப்பிலும் விளையாட்டிலும் பெண்களுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்ற 1972ஆம் ஆண்டின் டைட்டில் 9 சட்டம். அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு ஏராளமான ஆண்களைச் சேர்க்கும் கல்லூரி, தட்டைச் சமன் செய்யப் பெண்கள் கால்பந்துக்கு இடம் கொடுக்கிறது. ஆக, பையனைப் பெற்றவர்களுக்கு வழி இன்னும் குறுகல். போதாக்குறைக்கு ஆண்கள் அணிகளில் ஜெர்மனி, இங்கிலாந்து, நார்வே என்று வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. பதினெட்டு வயது உள்ளூர்ப் பையன், ஐரோப்பிய க்ளப் அகாடமியில் வளர்ந்த இருபது வயதுக்காரனோடு ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறான்.

டிவிஷன் 2 நடுத்தரம், ஓரளவு ஸ்காலர்ஷிப் உண்டு. டிவிஷன் 3தான் எண்ணிக்கையில் மிகப் பெரிய பிரிவு. அங்கே விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் கிடையாது. என்சிஏஏவுக்கு வெளியே என்ஏஐஏ என்ற அமைப்பில் சிறிய கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கு என்ஜேசிஏஏ.

டிவிஷன் 3 என்றதும் நம்மவர்கள் முகம் சுருங்கும். "மூன்றாம் தரமா?" என்று என்னிடம் நேராகவே கேட்டவர்கள் உண்டு. எம்ஐடி டிவிஷன் 3. சிகாகோ பல்கலைக்கழகம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கார்னகி மெலன், எமரி, டஃப்ட்ஸ், வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் எல்லாம் டிவிஷன் 3. இதைச் சொன்னதும் சுருங்கிய முகம் விரிவதைப் பார்க்க வேண்டுமே! சிகாகோ ஆண்கள் அணி 2022இல் தேசியப் பட்டம் வென்றபோது அதன் கோச் ஜூலியான் சிட்ச் என்ற பெண்மணி. ஆண்கள் கால்பந்து அணி ஒன்றை என்சிஏஏ பட்டத்துக்குக் கொண்டுபோன முதல் பெண் அவர்தான்.

முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. கணக்கைப் பாருங்கள்.

2025 வரை டிவிஷன் 1இல் ஓர் ஆண்கள் அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடியது 9.9 ஸ்காலர்ஷிப். பெண்கள் அணிக்கு 14. இதை முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கோல் அடிப்பவளுக்கும் கோல்கீப்பருக்கும் பெரிய துண்டு போகும், மற்றவர்களுக்குக் கால், அரைக்கால். கடைசி ஐந்தாறு பேருக்கு ஜெர்சி மட்டும். அந்த எண்ணிக்கைகூட உச்சவரம்புதான். அவ்வளவையும் கொடுக்கப் பணமில்லாத கல்லூரிகளும் இருந்தன.

2025 ஜூனில், கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் கொடுத்ததும் கணக்கு மாறியது. அந்தச் சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையில் வரம்பு போய்விட்டது. அதற்குப் பதில் அணியின் அளவுக்கு வரம்பு வந்தது: கால்பந்தில் ஆண்கள், பெண்கள் இரண்டு அணிகளுக்கும் 28 பேர். விரும்பினால் 28 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். "கொடுக்கலாம்" என்பதற்கும் "கொடுப்பார்கள்" என்பதற்கும் நடுவே இருக்கிற தூரத்தைப் பணக்காரக் கல்லூரிகள்தான் தாண்ட முடியும். நம்மவர்களைத் தாக்குவது இன்னொரு பக்கம். முன்பு முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு பேரை வைத்திருந்த அணி இப்போது 28இல் நிற்க வேண்டும். ஸ்காலர்ஷிப் இல்லாமல் வாக்-ஆன் என்று சேரும் பிள்ளைக்குத்தான் முதலில் கதவு மூடும்.

ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1 என்றாலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கொடுப்பதில்லை. அவர்கள் அந்தச் சமரசத்திலும் சேரவில்லை.

சரி, பணம் எங்கேதான் இருக்கிறது? மார்க்கில் இருக்கிறது. ஆண்டுக்கு 80,000 டாலர் ஆகும் தனியார் கல்லூரி ஒன்றை வைத்துக்கொள்வோம். டிவிஷன் 1 கோச் கால்வாசி ஸ்காலர்ஷிப் கொடுத்தால் 20,000 குறையும். அதே பிள்ளையின் மார்க்கைப் பார்த்து வேறொரு டிவிஷன் 3 கல்லூரி மெரிட் உதவியாக 30,000 கொடுக்கக்கூடும். இரண்டாவது கல்லூரியில் கோச்சோடு மனத்தாங்கல் வந்து அணியை விட்டு விலகினாலும் அந்தப் பணம் தொடர்ந்து வரும். எங்கள் வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். பந்து கதவைத் திறந்தது, பணத்தை மார்க் கொண்டுவந்தது.

பள்ளியில் ஆடுகிறவர்களில் எத்தனை பேர் கல்லூரி அணிக்குப் போகிறார்கள்?

மூன்று டிவிஷனும் சேர்த்து நூற்றுக்கு ஐந்தாறு பையன்கள், ஏழு பெண்கள். டிவிஷன் 1 மட்டும் என்றால் பையன்களில் ஒன்று சொச்சம், பெண்களில் இரண்டு சொச்சம்.

எந்த வகுப்பில் தொடங்க வேண்டும்?

ஒன்பதாம் வகுப்பில் மார்க். அதைத் தவிர வேறொன்றும் அவசரமில்லை. பத்தாம் வகுப்பில் பட்டியல் போடுங்கள், வீடியோ சேருங்கள், எழுதத் தொடங்குங்கள்.

பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15தான் முக்கியமான தேதி. டிவிஷன் 1, 2 கோச்கள் அன்று முதல்தான் பிள்ளையோடு நேரடியாகப் பேசலாம், மெசேஜ் அனுப்பலாம். டிவிஷன் 1இல் கல்லூரியைச் சுற்றிப் பார்க்க அதிகாரபூர்வமாக அழைப்பது அதற்கடுத்த ஆகஸ்ட் 1 முதல். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடமெல்லாம் கோச்கள் வாய்வார்த்தை வாங்கிக்கொண்டிருந்த கூத்து எல்லை மீறியதால் 2019இல் இந்த விதி வந்தது. டிவிஷன் 3இல் கடிதத்துக்கும் ஃபோனுக்கும் இப்படிக் கட்டுப்பாடு இல்லை. அவர்கள் வேலையும் நிதானமாகத்தான் நடக்கும். பதினோராம் வகுப்பின் வசந்தமும் கோடையும்தான் அவர்களுக்கு அறுவடைக் காலம்.

ஜூன் 15 அன்று நள்ளிரவு 12:01க்கே சில பிள்ளைகளின் ஃபோன் அடிக்கத் தொடங்கிவிடும். என் மகளுடையது அடிக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது. பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் நினைவூட்டல்.

ஜூன் 15க்கு முன் எழுதினால் பதிலே வராதே, எதற்கு எழுத வேண்டும்?

பதில் போடத்தான் அவர்களுக்குத் தடை, படிக்கத் தடையில்லை. கேம்ப் விளம்பரமும் விவரப் படிவமும் மட்டும் அனுப்பலாம் என்பதால் அவைதான் வரும். உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் கோச் உங்கள் க்ளப் கோச்சிடம் விசாரிப்பார். ஆகவே க்ளப் கோச்சிடம் உங்கள் பட்டியல் இருக்க வேண்டும்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? யார் எழுத வேண்டும்?

பிள்ளை எழுத வேண்டும். இதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்தை நான்தான் எழுதினேன். வேலைக்கு விண்ணப்பம் போடுகிற மாதிரி நாலு பத்தி, கடைசியில் "தங்கள் மேலான பரிசீலனைக்கு" என்ற தொனியில் ஒரு வரி. மகள் படித்துவிட்டு, "அப்பா, எனக்குப் பதினாறு வயசு" என்று சொல்லி முழுவதையும் அழித்தாள்.

கோச் கடிதத்தை மொபைலில்தான் பார்ப்பார், பாதி நேரம் பஸ்ஸில். தலைப்பு வரியிலேயே எல்லாம் இருக்க வேண்டும். பள்ளி முடிக்கும் ஆண்டு, ஆடும் இடம், எந்தக் கால், ஜிபிஏ (4க்குக் கணக்கிடும் மார்க் சராசரி), அடுத்து எங்கே ஆடுகிறாள், ஜெர்சி நம்பர். மகளின் தலைப்பு வரி இப்படி இருந்தது:

2024 / இடது பேக், இடது கால் / ஜிபிஏ 3.9 / ஜெஃபர்சன் கப், சனி 10:40, மைதானம் 7, நம்பர் 14

உள்ளே ஐந்தாறு வரி போதும். அவற்றில் ஒரு வரியாவது அந்தக் கல்லூரிக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்க வேண்டும். "உங்கள் கல்லூரியின் பாரம்பரியம் என்னைக் கவர்ந்தது" என்றால் அது எல்லோருக்கும் பொருந்தும். மகள் ஒரு கோச்சுக்கு எழுதியது: "அக்டோபரில் நீங்கள் ஆடிய இரண்டு மேட்ச்சை இணையத்தில் பார்த்தேன். உங்கள் இடது பேக் பந்து வந்ததும் கோட்டோரமாக ஓடாமல் உள்ளே திரும்புகிறார். க்ளப்பில் என்னையும் அப்படித்தான் ஆடச் சொல்கிறார்கள். வீடியோவில் 0:25இல் பாருங்கள்." இதற்குப் பதில் வந்தது. பின்னாளில் அவள் சேர்ந்ததும் அங்கேதான்.

இன்னொரு கடிதத்தில், வெட்டி ஒட்டும்போது வேறு கல்லூரியின் பெயரை மாற்ற மறந்துவிட்டாள். அந்தக் கோச்சும் பதில் போட்டார். "நீ குறிப்பிட்ட கல்லூரியில் உனக்கு இடம் கிடைக்க வாழ்த்துகள்" என்று ஒரே வரி. அனுப்பும் முன் யாராவது ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். அப்பாவுக்கு மிச்சமிருக்கிற வேலை அது.

வீடியோ எப்படி இருக்க வேண்டும்?

மூன்று நான்கு நிமிடம். சிறந்த ஐந்து காட்சிகள் முதல் நாற்பது நொடிக்குள் வந்துவிட வேண்டும், அதற்குமேல் பார்க்கிற கோச்கள் குறைவு. ஒவ்வொரு காட்சியும் தொடங்கும்போது படத்தை ஒரு நொடி நிறுத்திப் பிள்ளையைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பாட்டு வேண்டாம். அனிருத் இசை எவ்வளவு நன்றாக ஒத்துப்போனாலும் வேண்டாம். கோச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்.

பேக் என்றால் தடுத்ததை மட்டும் தொகுத்துப் போடாதீர்கள். பந்தைப் பறித்த பிறகு யாருக்குக் கொடுத்தாள் என்பது வரைக்கும் காட்சி ஓட வேண்டும். எங்கள் முதல் வீடியோவில் நான் பந்தைப் பறித்த இடத்திலேயே வெட்டிவிட்டேன். க்ளப் கோச் பார்த்துவிட்டு, "பறிக்கிறது எல்லாரும் பண்ணுவாங்க, அடுத்த பாஸைத்தான் பாப்பாங்க" என்கிற பொருளில் சொல்லித் திருப்பி அனுப்பினார். வியோ, டிரேஸ் மாதிரித் தானியங்கிக் கேமராக்கள் இப்போது பெரும்பாலான க்ளப்களில் இருக்கின்றன. முழு மேட்ச் ஒன்றையும் தயாராக வைத்திருங்கள். ஆர்வம் உள்ள கோச் அடுத்துக் கேட்பது அதைத்தான்.

இசிஎன்எல், எம்எல்எஸ் நெக்ஸ்ட் அணியில் இல்லாவிட்டால் வாய்ப்பே இல்லையா?

இவை க்ளப் அணிகள் ஆடும் தேசிய அளவு லீக்குகள். டிவிஷன் 1இன் மேல்மட்டம் வேண்டுமானால் அங்கே இருப்பது பெரிய உதவி. பெண்களுக்கு இசிஎன்எல், கேர்ள்ஸ் அகாடமி. பையன்களுக்கு எம்எல்எஸ் நெக்ஸ்ட், இசிஎன்எல். கோச்களுக்கு ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்க வசதி என்பதால் அங்கே கூட்டமாக வருகிறார்கள்.

செலவு? க்ளப் கட்டணமே சில ஆயிரம் டாலர். விமானம், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும் வீடுகள் எனக்குத் தெரியும். அந்தப் பணத்தைக் கல்லூரிக்கென்று போட்டு வைத்திருந்தால் ஸ்காலர்ஷிப்பே வேண்டாம் என்று என் மனைவி ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை சொல்வாள். அவள் கணக்கில் தப்பில்லை.

டிவிஷன் 3க்கும் என்ஏஐஏவுக்கும் லீக்கின் பெயர் அவ்வளவு முக்கியமில்லை. ஒரு படி கீழே இருக்கும் அணியில் முழு நேரமும் ஆடுகிற பிள்ளை, பெரிய அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிட நல்ல நிலையில் இருக்கிறாள். பெஞ்சில் இருப்பதை வீடியோ எடுக்க முடியாதே.

வயதுப் பிரிவு மாறுகிறதாமே?

ஆம். 2026-27 சீசன் முதல் பல லீக்குகளில் ஜனவரி 1 கணக்குப் போய் ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 என்ற கணக்கு வருகிறது. வகுப்புத் தோழர்கள் ஒரே அணியில் இருப்பார்கள். செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் பிறந்த பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி.

ஒரு பெரிய கல்லூரியிலிருந்து ஐடி கேம்ப்புக்கு (ஆட்டக்காரர்களை அடையாளம் காண என்று கோச்கள் நடத்தும் கட்டண முகாம்) அழைப்பு வந்திருக்கிறது. பிள்ளையை அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டதா?

இல்லை. இதைச் சொல்லும்போது பெற்றோரின் குரல் இறங்குவதை ஃபோனிலேயே உணர்ந்திருக்கிறேன், மன்னிக்கவும்.

எங்களுக்கும் வந்தது. "உங்கள் ஆட்டம் எங்கள் கவனத்தைக் கவர்ந்தது" என்று மகளின் பெயர் போட்ட கடிதம். வீடு முழுக்கப் பாயசம் வைக்காத குறை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதே வாரம் அதே கடிதம் வந்தது. அவள் கால்பந்தை விட்டு இரண்டு வருடம் ஆகி, பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். போட்டிக்குப் பதிவு செய்த பட்டியலிலிருந்து மின்னஞ்சல் முகவரியை எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

அப்படியும் போனோம். சில நூறு டாலர், இரண்டு நாள், சுமார் 180 பிள்ளைகள். தலைமைக் கோச் மைதானத்துக்கு வந்தது தொடக்க உரைக்கு, அப்புறம் முடிவுரைக்கு. உதவிக் கோச்களின் சம்பளத்துக்கு இந்தக் கேம்ப் வருமானம் கைகொடுக்கிறது என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எல்லாக் கேம்ப்பும் வீண் என்று சொல்லவில்லை. கோச் தன் கைப்பட எழுதியிருந்தால், அல்லது க்ளப் கோச்சிடம் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் போங்கள். நாற்பது ஐம்பது பேர் வரும் சிறிய கல்லூரிக் கேம்ப்பில் கோச் நிஜமாகவே பார்ப்பார். சந்தேகம் இருந்தால் பிள்ளை ஒரு வரி எழுதிக் கேட்கலாம்: "என் வீடியோவைப் பார்த்தீர்களா? என் ஆண்டில் இடது பேக் தேடுகிறீர்களா?" ஜூன் 15க்குப் பிறகு இதற்கு நேரான பதில் வராவிட்டால் அதுவே பதில்.

மார்க் எவ்வளவு முக்கியம்?

டிவிஷன் 1இல் ஆட என்சிஏஏ கேட்கும் குறைந்தபட்சம் 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் 2.3 ஜிபிஏ. பதினாறில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும். டிவிஷன் 2க்கு 2.2. எஸ்ஏடி தேர்வு வேண்டும் என்ற விதியை என்சிஏஏ 2023இல் எடுத்துவிட்டது. சில கல்லூரிகள் தங்கள் சேர்க்கைக்கு அதைக் கேட்கலாம், அது வேறு.

நம் வீடுகளில் 2.3 ஒரு பிரச்சினையாக இருக்காது. பிரச்சினை மேல்முனையில். படிப்புக்குப் பேர்போன டிவிஷன் 3 கல்லூரிகளில், பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் கோச் மார்க் பட்டியலைக் கேட்பார். அதை அட்மிஷன் அலுவலகத்தில் காட்டி, இந்தப் பிள்ளைக்கு வாய்ப்பு உண்டா என்று கேட்டு வருவார். ப்ரீ-ரீட் என்று பெயர். அங்கே பச்சைக்கொடி காட்டினால்தான் பேச்சு மேலே நகரும். எத்தனை பேருக்குக் கோச் கைகொடுக்க முடியும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எம்ஐடி போன்ற இடத்தில் கோச்சின் சிபாரிசு கோப்பில் ஒரு குறிப்பாகச் சேரும், அவ்வளவுதான். முடிவு அட்மிஷன் அலுவலகத்துடையது.

ஆஃபர் வந்தால் அது உறுதியா?

வாய்வார்த்தை வாய்வார்த்தைதான். இரண்டு பக்கமும் மாறலாம், மாறியும் இருக்கிறார்கள். முன்பு நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். 2024 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கல்லூரி தரும் விளையாட்டு உதவி ஒப்பந்தமே ஆவணம். ஐவி லீக்கில் அக்டோபர் முதல் அட்மிஷன் அலுவலகம் அனுப்பும் லைக்லி லெட்டர் (இடம் ஏறக்குறைய உறுதி என்று சொல்லும் கடிதம்) வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். டிவிஷன் 3இல் கோச் பெரும்பாலும் எர்லி டிசிஷன் என்ற முன்கூட்டிய விண்ணப்பத்தைப் போடச் சொல்வார். அதில் இடம் கிடைத்தால் வேறெங்கும் போக முடியாது. ஆகவே கல்லூரியின் இணையதளத்தில் உள்ள கட்டணக் கணிப்பானில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள்.

கோச் வாயிலிருந்து வரும் சொற்களையும் கவனியுங்கள். "உன்னை மிகவும் பிடித்திருக்கிறது", "தொடர்ந்து பார்க்கிறோம்" எல்லாம் ஆஃபர் அல்ல. "என் ஆண்டில் எத்தனை பேக் எடுக்கிறீர்கள், அந்த வரிசையில் நான் எத்தனையாவது?" என்று பிள்ளை கேட்க வேண்டும். என் மகள் இதைக் கேட்கும் முன் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். ஃபோனில் கேட்டதும் ஒரு கோச் உடனே சொன்னார்: "மூன்றாவது." அவர் மேல் எங்களுக்கு இன்றும் மரியாதை. அடுத்த வாரமே அந்தக் கல்லூரியைப் பட்டியலின் கீழே தள்ளினோம்.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டலால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நஷ்டமா?

ஆம், டிவிஷன் 1இல். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயரைப் பதிவு செய்ய 2018இல் வந்த அந்த ஏற்பாட்டினால், கல்லூரியில் ஆடி நிரூபித்த இருபது வயதுக்காரர்களைக் கோச் எடுத்துக்கொள்ள முடிகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வசந்தத்தில்கூடச் சில இடங்கள் காலியாவது இதன் இன்னொரு பக்கம்.

நாங்கள் எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கிறோம். ஏதாவது சிக்கல்?

அணியில் ஆடத் தடையில்லை. பணத்தில்தான் இடிக்கும். ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசின் கல்வி உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்கள் போன்ற தகுதியுள்ளோருக்கும் மட்டுமே. உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. குடியுரிமை பார்க்காமல், பணத் தேவையையும் சேர்க்கைக்குக் கணக்கில் எடுக்காமல் இடம் கொடுத்து, தேவை முழுவதையும் ஈடுகட்டும் கல்லூரிகள் வெகு சில. எம்ஐடியும் ஆம்ஹர்ஸ்டும் அதில் உண்டு, இரண்டும் டிவிஷன் 3.

பிள்ளைக்கு 21 வயது ஆனதும் எச்-4 முடிந்துவிடும், அதற்குள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். கல்லூரிகள் இப்போது வீரர்களுக்கு வருமானப் பங்கு கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன, விளம்பரப் பணமும் உண்டு. விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அது வேலை செய்ததாகக் கணக்காகும் ஆபத்து உண்டு. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அந்தப் பணத்தைத் தொட வேண்டாம்.

காசு வாங்கிக்கொண்டு இடம் பிடித்துத் தருகிறோம் என்கிறார்களே?

பட்டியல் போடவும் வீடியோ வெட்டவும் உதவுகிற சேவைகள் உண்டு. நேரமில்லாதவர்கள் எடுத்துக்கொள்ளலாம், நாங்கள் எடுக்கவில்லை. "எனக்குக் கோச்சைத் தெரியும், முடித்துத் தருகிறேன்" என்பவர் வந்தால் கதவைச் சாத்துங்கள். 2019இல் வெடித்த சேர்க்கை ஊழலில், ஆடவே தெரியாத பிள்ளையைக் கால்பந்து வீராங்கனை என்று காட்டப் பணம் வாங்கியதாக யேல் பெண்கள் அணியின் கோச்சே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும்?

அதிகாரபூர்வ விசிட் என்றால் செலவு கல்லூரியுடையது. பிள்ளையை ஓர் இரவு அணிப் பெண்களோடு தங்க வைப்பார்கள். கோச்சிடம் கேட்பதைவிட அங்கே தெரிவதுதான் அதிகம். போன வருடம் எத்தனை பேர் அணியை விட்டுப் போனார்கள்? ஆய்வக வகுப்பும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வந்தால் கோச் என்ன சொல்வார்? இந்த இரண்டுக்கும் மூன்றாம் ஆண்டுப் பெண்களிடம்தான் உண்மை கிடைக்கும். என் மகள் எஞ்சினியரிங் படிக்க விரும்பினாள். ஒரு கல்லூரியில், "எங்கள் அணியில் எஞ்சினியரிங் யாரும் இல்லை, ஆனால் தாராளமாகப் படிக்கலாம்" என்று கோச் சொன்னார். வரும் வழியில் காரில் அவளே, "ஏன் யாருமே இல்லை?" என்று கேட்டாள்.

நடுவில் காயம் பட்டால்?

பெண்களுக்கு முழங்கால் தசைநார் அறுவது பையன்களைவிட அதிகம். எங்கள் க்ளப் அணியிலேயே இரண்டு பெண்களுக்கு ஆனது. திரும்பி ஆட ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். கோச்களிடம் மறைக்க வேண்டாம், ஆபரேஷன் முடிந்ததும் எழுதுங்கள். ஒருத்தியைக் கோச் காத்திருந்து எடுத்துக்கொண்டார். இன்னொருத்திக்கு வந்துகொண்டிருந்த ஃபோன்கள் நின்றுபோயின. அவள் இப்போது வேறொரு கல்லூரியில் பிசியோதெரபிக்குப் போகும் வழியில் படிக்கிறாள், க்ளப் சாக்கர் ஆடுகிறாள், சந்தோஷமாக இருக்கிறாள்.

மேட்ச்சின்போது பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கோச்கள் பெற்றோர் பக்கமும் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். ரெஃப்ரியைத் திட்டுகிற அப்பாவை நாலு வருடம் சகிக்க யாருக்கும் ஆசையில்லை. நான் பையில் ஒரு ஃபிளாஸ்க் காப்பி எடுத்துப் போவேன். கத்தத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய்.

நாங்கள் சைவம். அணியோடு வெளியூர் போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?

என் அம்மா சென்னையிலிருந்து வாராவாரம் கேட்கும் கேள்வி இது. இலையுதிர் காலம் முழுக்க வாரத்துக்கு இரண்டு மேட்ச், அதில் பாதி வெளியூர். திரும்பும்போது பஸ்ஸில் பீட்சா, பாஸ்தா, பரிட்டோ என்று ஏதாவது ஏற்றுவார்கள். முதல் மாதம் மகள் வெறும் சீஸ் பீட்சாவாகத் தின்று அலுத்துப்போய், தானே போய்க் கேப்டனிடம் சொன்னாள். கேப்டன் மொபைலில் எல்லோருடைய சாப்பாட்டுப் பட்டியலையும் வைத்திருக்கிறாள். என் மகளின் நம்பருக்கு நேராக இப்போது இப்படி இருக்கிறதாம்: "இறைச்சி வேண்டாம், முட்டை பரவாயில்லை, ஹாட் சாஸ் கூடுதல்."